கறுப்புத் துணியும் நாலு போல்ட்டும்

ஒரு கார் பானெட்டைக் கழட்டிட்டு இன்னொண்ணு மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? கீலுக்கு ரெண்டு போல்ட் வீதம் மொத்தம் நாலு போல்ட். கண்ணாடிக்குத் தண்ணி அடிக்கிற குழாய் ஒண்ணு. அவ்வளவுதான். அரை மணி நேர வேலைன்னு நினைச்சுத்தான் நானும் ரூம்மேட்டும் ஒரு சனிக்கிழமை காலையிலே ஸ்பானரோட இறங்கினோம். அவனோட பழைய ஹோண்டா சிவிக்குக்கு ஆளுயரப் பெட்டியிலே கார்பன் ஃபைபர் பானெட் வந்திருந்தது. சாயங்காலம் அஞ்சு மணிக்கும் "நீ அந்தப் பக்கம் தூக்குடா", "மச்சி, இந்தப் பக்கம் இடிக்குது"ன்னு மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தோம். ஓட்டை ஒரு இடம், போல்ட் ஒரு இடம். ஒரு பக்கம் இடைவெளி சரி பண்ணினா மறுபக்கம் விரல் நுழையுது.

நடுவிலே எனக்கு ஒரு சந்தேகம் வந்து, பாத்ரூம் எடை மெஷினை எடுத்துட்டு வந்தேன். பழைய இரும்பு பானெட் சுமார் 15 கிலோ. புதுசு 11. நாலு கிலோ மிச்சம். டிக்கியிலே கிடந்த கிரிக்கெட் கிட்டை வீட்டுலே வச்சிருந்தா அதை விட அதிகமா மிச்சமாகியிருக்கும். இதைச் சொன்னதுக்கு அவன் முறைச்ச முறைப்பு இருக்கே... :-)

மறுநாள் நியூஜெர்சி டர்ன்பைக்கிலே வேகம் எடுத்ததும் அந்த பானெட் முன்விளிம்புலே படபடன்னு அடிக்க ஆரம்பிச்சது. கண்ணு முன்னாடி அது ஒரு அங்குலம் எழும்பி எழும்பி இறங்குறதைப் பார்க்கும்போது வயித்துலே புளியைக் கரைக்கும்னு சொல்வாங்களே, அதுக்கு அன்னிக்குத்தான் அர்த்தம் புரிஞ்சது. ஓரம் கட்டித் திறந்து பார்த்தா, கொக்கி மாட்டுற இடத்தைச் சுத்தி விரிசல். விரிசலுக்குள்ளே தெரிஞ்சது கறுப்பு இல்லே. வெள்ளை. கண்ணாடி இழை! மேலே ஒரே ஒரு அடுக்குதான் கார்பன்.

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. இந்தக் கறுப்புத் துணி எங்கிருந்து வந்தது, கார் மேலே எப்படி ஏறிச்சுன்னு தேடிப் படிச்சதுதான் இந்தப் பதிவு.

கார்பன் இழை ஒண்ணும் நேத்து வந்த சமாச்சாரம் இல்லை. 1879-ல் எடிசன் பல்புக்குள்ளே எரிய விட்டதே பருத்தி நூலைக் கரியாக்கின இழைதான். அப்புறம் மூங்கில் இழை. ஆனா அது ஒளிர மட்டும்தான் லாயக்கு, தொட்டா உடையும்.

பலமான இழை கிடைச்சது 1958-ல். அமெரிக்காவிலே கிளீவ்லேண்ட் பக்கம் பார்மாங்கற இடத்துலே யூனியன் கார்பைடு ஆராய்ச்சிக்கூடம். (ஆமாம், 1984-ல் போபாலோட சேர்ந்து நமக்கு மறக்க முடியாமப் போன அதே பேருதான்.) ரோஜர் பேகன்ங்கற இளம் இயற்பியலாளர் அங்கே தேடிக்கிட்டிருந்தது வேற. கார்பன் திட, திரவ, வாயு நிலை மூணுலேயும் ஒரே நேரத்துலே இருக்கிற புள்ளி எந்த வெப்பத்துலே, எந்த அழுத்தத்துலே வரும்னு பார்த்துக்கிட்டு இருந்தார். அப்போ மின்வில் உலைக்குள்ளே வைக்கோல் மாதிரி நீட்டு நீட்டா ஏதோ படிஞ்சிருந்தது. எடுத்துப் பார்த்தா, மனுஷ முடியிலே பத்திலே ஒரு பங்கு தடிமன், பலத்துலே எஃகைத் தூக்கிச் சாப்பிடற கிராஃபைட் இழை. ஒரே ஒரு பிரச்சினை, அந்த முறையிலே ஒரு பவுண்டு செய்ய ஒரு கோடி டாலர் ஆகும்னு அவரே கணக்குப் போட்டார்.

விலையைக் கீழே இறக்கினவங்க ஜப்பான்காரங்களும் இங்கிலீஷ்காரங்களும். ஒசாகா அரசு ஆராய்ச்சி நிலையத்துலே அகியோ ஷிண்டோ, 1959 வாக்கிலே, பாலிஅக்ரிலோநைட்ரைல் நூலைக் கரியாக்கிப் பார்த்தார். பேரைப் பார்த்து பயப்படாதீங்க, ஸ்வெட்டர் பின்னுற அக்ரிலிக் நூல் இருக்கே, அந்த ஜாதிதான். 200-300 டிகிரியிலே காத்துலே பதமா சுட்டு, அப்புறம் காத்தே படாம 1000 டிகிரிக்கு மேலே சுட்டா மிஞ்சுறது கார்பன் இழை. 1963, 64-ல் இங்கிலாந்து ஃபார்ன்பரோ ராயல் ஏர்கிராஃப்ட் எஸ்டாபிளிஷ்மென்ட்டிலே வில்லியம் வாட் குழுவினர் இதுலே முக்கியமான ஒரு வேலை சேர்த்தாங்க. சுடும்போது நூலைச் சுருங்க விடாம இழுத்துப் பிடிக்கணும். அப்போ உள்ளே இருக்கிற அணு வரிசையெல்லாம் நூலோட நீளவாக்கிலே ஒழுங்கா படுக்கும். பலம் எகிறும்.

இந்த 'நீளவாக்கிலே'ங்கற வார்த்தையைப் பிடிச்சுக்குங்க. மொத்தக் கதையும் அதுலேதான் இருக்கு. ஒரு வாழை நாரை ரெண்டு நுனியையும் பிடிச்சு இழுத்துப் பாருங்க, லேசுலே அறாது. அதையே நகத்தாலே வகிர்ந்தா சர்ருன்னு ரெண்டாப் போகும். கார்பன் இழையும் இப்படித்தான். இழை ஓடுற திசையிலேதான் பலம். அதனாலே எந்தப் பக்கத்துலேர்ந்து எவ்வளவு விசை வரும்னு கணக்குப் போட்டு, அந்தந்தத் திசைக்கு ஒரு அடுக்குன்னு வச்சு, பிசின் விட்டு இறுக்கணும். இரும்புத் தகடு எல்லாத் திசையிலேயும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துக்கும். கார்பன் அப்படி இல்லை, நாம யோசிச்ச திசைக்கு மட்டும்தான் அது பொறுப்பு.

யோசிக்காத திசையிலேர்ந்து அடி வந்தா என்ன ஆகும்? ரோல்ஸ் ராய்ஸைக் கேளுங்க. லாக்ஹீட் டிரைஸ்டார் விமானத்துக்கு அவங்க செஞ்ச ஆர்பி211 எஞ்சினோட முன்பக்க விசிறிக்கு 'ஹைஃபில்'னு பேர் வச்ச கார்பன் இழை இறக்கைகளைத் திட்டம் போட்டாங்க. சுத்துற விசையை அது அருமையா தாங்கிச்சு. ஆனா பறவை மோதினா தாங்குமான்னு ஒரு சோதனை உண்டு, செத்த கோழியைப் பீரங்கியிலே வச்சு எஞ்சினுக்குள்ளே சுடுவாங்க. 1970-ல் அந்தக் கோழி பட்டதும் இறக்கைகள் சுக்குநூறு. அவசரமா டைட்டானியத்துக்கு மாறினாங்க. ஏற்கெனவே செலவு எல்லை மீறியிருந்தது. 1971 பிப்ரவரி 4-ம் தேதி ரோல்ஸ் ராய்ஸ் திவால். பிரிட்டிஷ் அரசு எடுத்து நடத்த வேண்டியதாப் போச்சு. கோழி மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது, ஆனா கோழிக்கும் பங்கு உண்டு. 1995-ல் பயணிகள் விமானத்துலே பறக்க ஆரம்பிச்ச ஜெனரல் எலக்ட்ரிக்கோட ஜிஇ90 எஞ்சின்லே கார்பன் இறக்கை ஜெயிச்சது. வித்தியாசம்? முன்விளிம்புலே டைட்டானியம் கவசம். கால் நூற்றாண்டு ஆச்சு அந்த ஒரு பாடத்துக்கு.

அதே 1971-ல் ஜப்பானிலே டோரே நிறுவனம் கார்பன் இழையை வியாபார ரீதியா தயாரிக்க ஆரம்பிச்சது. ஆரம்பத்துலே அதை நம்பி வாங்கினவங்க தூண்டில் கம்பு செய்றவங்களும் கோல்ஃப் மட்டை செய்றவங்களும். வளைக்கிற விசை எந்தத் திசையிலே வரும்னு ரொம்பத் தெளிவாத் தெரிஞ்ச சாமான்கள். காரணமாத்தான்.

காருக்கு வருவோம். மெக்லாரன் அணிக்காக ஜான் பர்னார்டு வடிவமைச்ச எம்பி4/1, 1981-ல் களத்துக்கு வந்தது. ஓட்டுநர் உட்கார்ற கூடு முழுசும் கார்பன் இழை. இங்கிலாந்துலே செஞ்சு தர ஆள் கிடைக்காம, அமெரிக்காவிலே சால்ட் லேக் சிட்டியிலே ராக்கெட் மோட்டார் செஞ்சுக்கிட்டிருந்த ஹெர்குலிஸ் நிறுவனத்துக்கிட்டே போனார் பர்னார்டு. மோதினா தூள் தூளாப் போயிடும்னு மத்த அணிக்காரங்க பேசிக்கிட்டாங்க. ஜூலையிலே சில்வர்ஸ்டோன்லே ஜான் வாட்சன் அந்தக் காரிலே ஜெயிச்சார். அப்பவும் வாய் மூடலை. செப்டம்பர்லே மான்சாவிலே அதே வாட்சன் தடுப்புலே மோதினார். எஞ்சின் தனியா பிய்ச்சுக்கிட்டுப் போச்சு. அவர் உட்கார்ந்திருந்த கூடு மட்டும் அப்படியே இருந்தது. எழுந்து நடந்து வந்தார். பேச்சு நின்னு போச்சு. சில வருஷத்துலே எல்லா அணியும் கார்பன்.

ரேஸ்லேர்ந்து ரோட்டுக்கு வர்றதுக்கு ரொம்ப நாள் ஆகலை. 1987-ல் ஃபெராரி எஃப்40-க்கு உடல் தகடுகளிலே கார்பன் கலந்தாங்க. 1992-ல் வந்த மெக்லாரன் எஃப்1 ரோட்டு காருக்கு அடிக்கூடே கார்பன். 2000-ல் நிஸான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 வி-ஸ்பெக் 2 கம்பெனியிலேர்ந்தே கார்பன் பானெட்டோட வந்தது. 1995-ல் ஜப்பான் அரசு வண்டி மாத்தம் பண்ற விதிகளைத் தளர்த்தினதுலே அங்கே உதிரி பாகச் சந்தையும் சூடு பிடிச்சிருந்தது. 2001-ல் 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' படம் வந்தப்புறம் அமெரிக்காவிலே சிவிக் வச்சிருந்த பையனுங்க எல்லாம் கறுப்பு பானெட்டுக்கு அலைஞ்சாங்க. என் ரூம்மேட்டுக்கு அந்த ஜுரம் கொஞ்சம் லேட்டா வந்திருக்கு.

இந்த இடத்துலேதான் கதை திரும்புது. மெக்லாரன் கூட்டுலே இருந்தது, பிசின் சரியான அளவுலே முன்கூட்டியே ஊறின துணி. அதை அடுக்கி, ஆட்டோகிளேவ்ங்கற பிரஷர் குக்கர் மாதிரியான பெரிய உலையிலே அழுத்தி வேக வைக்கணும். கை வேலை, நேரம், பணம் எல்லாம் அதிகம். வாங்கறவனுக்கு வேணும்கறது பின்னல் டிசைன் மட்டும்தான்னா? மேலே ஒரு கார்பன் துணி, கீழே கண்ணாடி இழை, பிரஷ்ஷாலே பிசின், பளபளன்னு மேல்பூச்சு. தீர்ந்தது. பார்வைக்கு ரெண்டும் ஒண்ணு. இரும்புலே அஞ்சிலே ஒரு பங்கு அடர்த்திதான் கார்பன் கலவைக்கு. ஆனா பிசினும் கண்ணாடி இழையும் சேர்ந்து அந்த லாபத்தைத் தின்னுடும். எங்க நாலு கிலோ மிச்சத்துக்கு அர்த்தம் இதுதான்.

பெயின்ட் வேலைன்னா அது ஏமாத்தம், அவ்வளவுதான். ஆனா பானெட் காத்துக்கு எதிரா நிக்கிற பொருள். வேகத்துலே காத்து அதை மேலே தூக்கப் பார்க்கும். அந்த முழு விசையும் வந்து சேர்றது முன்னாலே இருக்கிற ஒரே ஒரு கொக்கியிலே. இரும்பு பானெட்டிலே அந்த இடத்துக்கு அடியிலே தனியா பலப்படுத்தின தகடு இருக்கும். எங்களுதுலே அந்த இடத்துலே இருந்தது கண்ணாடி இழையும் நம்பிக்கையும்.

நீங்களே மாட்டறதா இருந்தா, நாங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன். வாங்கினதும் அடிப்பக்கம் பாருங்க, குறிப்பா கொக்கி, கீல் மாட்டுற இடங்கள். பழைய கீல் இருந்த இடத்தை டேப் ஒட்டிக் குறிச்சுக்குங்க. ரெண்டு பேர் இல்லாம தூக்காதீங்க. நாலு போல்ட்டையும் லூசா மாட்டி, இடைவெளி பார்த்துட்டு அப்புறம் இறுக்குங்க. இறுக்கும்போது அகலமான வாஷர் போடுங்க, இல்லேன்னா போல்ட் தலை பிசினை நசுக்கும். சாதா இரும்பு போல்ட் கார்பனை நேரா தொட்டுக்கிட்டு ஈரம் பட்டா சீக்கிரம் துருப்பிடிக்கும், கார்பன் மின்சாரம் கடத்தற பொருள். விமானத்துலே கார்பனுக்கு டைட்டானிய போல்ட் போடறதுக்கு இதுவும் ஒரு காரணம். ஓட்டை போடும்போது முகமூடி, கண்ணாடி கட்டாயம். அந்தத் தூள் நுரையீரலுக்கும் ஆகாது, கணினிக்கும் ஆகாது. ஓங்கி அறைஞ்சு மூடாதீங்க, கையாலே அமுக்கி மூடுங்க. எல்லாத்துக்கும் மேலே, முன்பக்கம் ரெண்டு மூலையிலேயும் பானெட் பின் போடுங்க. "பின் போட்டா லுக் போயிடும் மச்சி"ன்னு அவன் சொன்னான். நானும் தலையாட்டினேன். தப்பு என் பேர்லேயும் இருக்கு. பின்னாடி ஒரு வண்டி வந்து, எங்க பானெட் பறந்து அதுலே போய் விழுந்திருந்தா? அந்தக் காரிலே குழந்தை இருந்திருந்தா? இதை நினைச்சுத்தான் தூக்கம் வரலை.

ஷிண்டோவும் வாட்டும் பர்னார்டும் இத்தனை வருஷம் உழைச்சது அந்தத் துணியோட அழகுக்கு இல்லை. எந்தத் திசையிலே அடி வரும்னு யோசிச்சு யோசிச்சு அடுக்கினாங்க. நாங்க டிசைனைப் பார்த்து வாங்கி, அந்த யோசனையை மட்டும் விட்டுட்டோம்.

கார்பன் பானெட் இப்போ எங்க ஹால் சுவத்துலே சாஞ்சு நிக்குது. அழகாத்தான் இருக்கு, இல்லேன்னு சொல்லலை. அடுத்த சனிக்கிழமை பழைய இரும்பு பானெட்டைத் திருப்பி மாட்டினோம். நாலு போல்ட், ஒரு தண்ணிக் குழாய். இந்தத் தடவை நிஜமாவே அரை மணி நேரம்தான் ஆச்சு.