பழைய கம்பைலரும் புதிய பாதுகாப்பும்: கெர்னல் கட்டுமானத்தில் மூவகைச் சார்பு

1. சிக்கலும் எல்லையும்

நுண்செயலியில் ஒரு பாதுகாப்பு வசதியைப் பொறித்துவிட்டால் மட்டும் அது காவல் காக்காது. கெர்னல் அதை முடுக்கிவிட வேண்டும். கெர்னலின் மூலநிரலை எந்திரக் கட்டளைகளாக்கும் கம்பைலர், அசெம்ப்ளர், லிங்கர் ஆகிய மூன்றும் அதை அறிந்திருக்க வேண்டும். சில்லு புதிது, கருவிகள் பழையவை என்றால் என்ன செய்வது?

கருவிகள் பழையனவாகவே இருப்பதற்குக் காரணம் உண்டு. பெரிய முதலியார்சாவடி என்ற கடலோர ஊரில் காற்றின் வேகத்தையும் ஈரப்பதத்தையும் பதிவுசெய்யும் சிறு கணினி ஒன்றை நிறுவுவதாக வைத்துக்கொள்வோம். அதன் பலகையை விற்றவர் எந்தக் கம்பைலரைக் கொடுத்தாரோ, பெரும்பாலும் அதுவே அக்கருவியின் ஆயுள் முழுவதும் நீடிக்கும். மாற்றினால் எல்லாச் சோதனைகளையும் மறுபடி நடத்த வேண்டும் என்பதால் யாரும் அதில் கைவைப்பதில்லை. லினக்ஸ் கெர்னலும் இந்த நிலைமைக்கு நெடுங்காலம் இடம்கொடுத்தது. 2002-இல் வெளிவந்த ஜிசிசி கம்பைலரின் 3.2-தான் 2018 வரை அதன் ஆவணம் கேட்ட குறைந்தபட்சப் பதிப்பு. அந்த எல்லை 2018-இல் 4.6 ஆகவும், 2021-இல் 5.1 ஆகவும், 2025-இல் 8.1 ஆகவும் உயர்ந்தது.

கருவி பழையது என்பதைவிட, அது செய்யத் தவறியதைக் கெர்னல் வெளியே சொல்லாமல் விடுவதே பெரிய ஆபத்து என்பது இக்கட்டுரையின் கருத்து. இதை நிறுவ, கருவிகளின்மேல் உள்ள சார்பை மூன்று வகையாகப் பிரித்து ஆராய்வோம்.

2. முதல் வகை: கட்டளையின் பெயர் தெரியாமை

பயனர் நிரலின் நினைவகத்தைக் கெர்னல் தவறிப்போய்த் தொட்டுவிடாமல் தடுக்கும் இன்டெல் வசதி ‘ஸ்மேப்’. இதற்கான ஆதரவை எச். பீட்டர் ஆன்வின் எழுத, 2012 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.7 அதைச் சேர்த்துக்கொண்டது. அந்தக் காவலைத் தற்காலிகமாகத் திறக்க ஒரு கட்டளை, மூட ஒரு கட்டளை. அன்று புழக்கத்தில் இருந்த அசெம்ப்ளர்கள் பலவற்றுக்கு இவற்றின் பெயர்களே தெரியாது. எனவே பெயருக்குப் பதிலாக, ஒவ்வொன்றுக்கும் உரிய மூன்று பைட்டுகளை எண்களாகவே மூலநிரலில் எழுதிவைத்தனர். வசதி இல்லாத சில்லில் அந்த இடங்களில் எதுவும் செய்யாத வெற்றுக் கட்டளைகளே நிற்கும். வசதி உள்ள சில்லில் கெர்னல் தொடங்கும்போதே அவற்றின்மேல் உண்மைக் கட்டளைகளை எழுதிவிடும். கருவியின் வயதையும் சில்லின் வயதையும் தனித்தனியே கையாண்ட நல்ல வடிவமைப்பு இது.

இம்முறை பலித்ததற்கு இரண்டு காரணங்கள். கட்டளைகள் கையால் எழுதப்பட்ட ஒருசில இடங்களில் மட்டுமே வருகின்றன. அவற்றுக்கு ரெஜிஸ்டர் எதையும் குறிப்பிடத் தேவையில்லை. ரெஜிஸ்டர் இடத்துக்கிடம் மாறினால் பைட்டுகளும் மாறும். அப்போது எண்களை நேரே எழுதுவது பிழைக்கு வழிவகுக்கும். ரிஸ்க்-ஃபைவ் என்னும் நுண்செயலிக் கட்டமைப்புக்கான அசெம்ப்ளர் இதற்கொரு வழி வைத்திருக்கிறது. புதிய கட்டளையின் புலங்களைத் தனித்தனியே கொடுத்தால் அதுவே பைட்டுகளைக் கோத்துத் தரும்.

3. இரண்டாம் வகை: நிரல் முழுவதும் மாறவேண்டிய நிலை

2018 ஜனவரியில் நுண்செயலிகளின் ஸ்பெக்டர் பலவீனம் வெளியானது. அதன் இரண்டாம் வடிவத்துக்கு மருந்தாக வந்தது ‘ரெட்போலின்’. இதன்படி கெர்னலில் உள்ள மறைமுகத் தாவல் ஒவ்வொன்றையும் வேறு கட்டளைத் தொடராக மாற்றவேண்டும். சி மொழியில் எழுதிய பகுதியில் இப்படிப்பட்ட தாவல்களை உருவாக்குவது கம்பைலர். கையால் பைட்டு எழுதி அதை ஈடுகட்ட முடியாது. ஜிசிசி 7.3 ஜனவரி 25 அன்று இந்த வசதியுடன் வந்தது. மூன்று நாள் கழித்து லினக்ஸ் 4.15 வெளியானது.

பழைய கம்பைலரைக் கொண்டு கட்டினால் 4.15 மறுக்கவில்லை. அசெம்ப்ளியில் எழுதிய பகுதிகளை மட்டும் மாற்றிக்கொண்டது. ஆனால் தன் நிலையைக் கேட்பவர்களுக்கு, ‘பாதிப்புக்குரியது’ என்ற அடைமொழியோடுதான் அந்த அரைக்காவலை அறிவித்தது. அதற்குப் பின் வந்த பதிப்புகள், பழைய கம்பைலரில் கட்டிய கெர்னல் தொகுதியை ஏற்றும்போதும் எச்சரித்தன. அவ்வாண்டின் இறுதியில் விதி இறுகியது: கம்பைலருக்கு வசதி இல்லையெனில் ரெட்போலினோடு கெர்னலைக் கட்டவே முடியாது. அவசர காலத்தில் குறையை அறிவித்துக்கொண்டு ஓடுவதும், அவகாசம் முடிந்தபின் மறுப்பதும் பொருத்தமான வரிசைதான்.

4. மூன்றாம் வகை: தெரியும் என்று சொல்லித் தவறுவது

ஆர்ம் நுண்செயலிகளின் ‘பிடிஐ’ வசதியில், மறைமுகத் தாவல் போய்ச்சேரும் இடத்தில் ஒரு குறிக்கட்டளை இருந்தாக வேண்டும். இல்லையெனில் நுண்செயலி பிழை எழுப்பும். இக்கட்டளையை, பழைய சில்லுகள் பொருட்படுத்தாமல் கடந்துபோகும் ‘ஹின்ட்’ வரிசையில் 34-ஆம் எண்ணாக வைத்தது நல்ல முடிவு. சிக்கல் கம்பைலரில் முளைத்தது. நேரடியாக மட்டுமே அழைக்கப்படும் உள்செயற்கூறுகளுக்குக் குறி வேண்டாமென ஜிசிசி விட்டுவிடுகிறது. தொலைவு அதிகமானால் லிங்கர் நடுவில் ஒரு மறைமுகத் தாவலைச் செருகிவிடும். ஜிசிசி அதைக் கணக்கில் எடுக்கவில்லை. இதனால் 2022-இல் ஜிசிசியில் கட்டும் கெர்னலுக்குள் பிடிஐ-யைப் பயன்படுத்த லினக்ஸ் தடை விதித்தது. கிளாங் கம்பைலருக்கு அனுமதி தொடர்ந்தது.

புதிய கருவி வேறு விதமாகவும் இடறலாம். அசெம்ப்ளரும் லிங்கரும் அடங்கிய பின்யூட்டில்ஸின் 2022-இல் வந்த 2.38 பதிப்பு, ரிஸ்க்-ஃபைவின் அடிப்படைக் கட்டளைத் தொகுதியிலிருந்து கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர் கட்டளைகளைத் தனி நீட்சியாகப் பிரித்தது. அந்த நீட்சியின் பெயரைச் சொல்லாத கெர்னல்கள் கட்டுமானத்திலேயே நின்றுபோயின.

5. கண்டறியும் முறை

கருவியின் பதிப்பு எண்ணைப் பார்த்து முடிவெடுப்பது முதல் இரு வகைகளில் ஏமாற்றும். சில லினக்ஸ் வினியோகங்கள் ஜிசிசி 4.8-க்கே ரெட்போலினைப் பின்னோக்கிச் சேர்த்தன. எண் பழையது, திறன் புதியது. ஒரு சிறு துண்டைத் தொகுத்துப் பார்த்துத் திறனை நேரே சோதிப்பதே சரி. 2018 ஆகஸ்டில் வந்த லினக்ஸ் 4.18-இல் மசாஹிரோ யமாடா இச்சோதனையைக் கெர்னலின் அமைப்பு மொழிக்குள்ளேயே கொண்டுவந்தார். வசதி இல்லாத கம்பைலர் என்றால் அத்தேர்வு பட்டியலிலேயே தோன்றாது. மூன்றாம் வகைக்கு இது போதாது. அங்கே சோதனையும் தேறிவிடும், பிழையும் தங்கிவிடும். எனவே கருவியைப் பெயரிட்டே விலக்க வேண்டும்.

6. சென்னையின் ‘சக்தி’

இந்த மூவகைப் பிரிப்பு உள்நாட்டு முயற்சிக்கும் பொருந்தும். சென்னை ஐஐடியில் வீ. காமகோடி தலைமையில் உருவான ‘சக்தி’ நுண்செயலி ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்பைச் சேர்ந்தது. அக்குழு 2019-இல் முன்வைத்த ‘சக்தி-எம்எஸ்’ வடிவமைப்பு, சி நிரல்களில் சுட்டிகள் எல்லை மீறுவதை இயங்கும்போதே பிடிக்கிறது. அதற்கான புதிய கட்டளைகளைத் திருத்திய கம்பைலர் தானே செருகுகிறது. நிரலின் அளவு 11 விழுக்காடும் ஓட்டநேரம் சராசரியாக 13 விழுக்காடும் கூடுவதாக ஆய்வு கணித்தது. இது முழுக்க இரண்டாம் வகை. கடையில் கிடைக்கும் பொதுக் கம்பைலரால் கட்டினால் சில்லில் உள்ள காவல் சும்மா கிடக்கும்.

2024-இல் ஏற்கப்பட்ட ரிஸ்க்-ஃபைவ் கட்டுப்பாட்டுப் பாதை நீட்சிகள் வேறொரு பாடம் சொல்கின்றன. தாவல் இறங்குமிடத்துக்கான குறி, பழைய சில்லுகளுக்கு விளைவற்ற கட்டளையாகவே அமைந்துள்ளது. திரும்பும் முகவரிகளின் நகலைக் காக்கும் நிழல் அடுக்குக் கட்டளைகள் அப்படியல்ல. ஒதுக்கப்பட்ட வேறொரு வெளியில் இருக்கின்றன. அந்த வெளியை அறியாத சில்லில் அவை சட்டவிரோதக் கட்டளைப் பிழையை எழுப்பும். ஒரே கெர்னலைப் பழைய, புதிய சில்லுகள் இரண்டிலும் ஓட்ட நினைப்பவர் முதலாவதை எங்கும் இடலாம். இரண்டாவதை இயங்குநேரச் சோதனைக்குப் பின்னரே இடவேண்டும்.

7. முடிவுகள்

முதல் வகைக்குப் பைட்டுகள் போதும். குறைந்தபட்சப் பதிப்பு உயர்ந்ததும் அவற்றை நீக்கிப் பெயர்களை எழுதலாம். இரண்டாம் வகையில் திறனைச் சோதித்து, இல்லையெனில் மறுக்க வேண்டும். மறுக்க இயலாத அவசரத்தில் குறையை வெளிப்படையாகப் பதிவிட வேண்டும். மூன்றாம் வகையில் தவறும் கருவியைப் பெயர் சொல்லித் தடுக்க வேண்டும்.

இந்தியாவில் ரிஸ்க்-ஃபைவ் நுண்செயலிகளுக்காக 2022-இல் ‘டிர்-வி’ திட்டம் தொடங்கியிருக்கிறது. அதில் புதிய பாதுகாப்புக் கட்டளைகளை முன்மொழிபவர்கள், அவற்றை ஜிசிசி, எல்எல்விஎம் ஆகிய கம்பைலர்களின் பொது மூலத்தில் சேர்க்கும் உழைப்பையும் திட்டச் செலவிலேயே கணக்கிட வேண்டும். தனிக் கிளையாக ஆய்வகத்தில் தங்கும் கம்பைலர், அதைத் திருத்திய மாணவர்கள் பட்டம் பெற்றுப் போனதும் பழையதாகிவிடும். அதை நம்பிப் பொறித்த காவல் சில்லிலேயே உறங்கும்.