உடைகலத்தில் யாருக்கு எத்தனை கூறு? நயினாதீவுக் கல்வெட்டும் மீட்டவர் பங்கும்

புயலில் உடைந்து கரை ஒதுங்கிய கலத்தின் சரக்கு யாருக்கு உரியது? இக்கேள்விக்கு இடைக்காலத் தென்னாட்டு விடையைத் தேடுவோர் பெரும்பாலும் ஆந்திரக் கடற்கரையிலுள்ள மோட்டுப்பள்ளித் தூணில்தான் தொடங்குகின்றனர். காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-45இல் வெளியிட்ட அந்த அபய சாசனத்தைக் கல்வெட்டறிஞர் ஹுல்ச் பதிப்பித்தார். முந்தைய மன்னர்கள் உடைகலங்களிலிருந்து பொன், யானை, குதிரை, மணி அனைத்தையும் வலிந்து பறித்தார்கள் என்கிறது சாசனம். கணபதிதேவனோ இரக்கத்தாலும் அறம் கருதியும் விதித்த சுங்கம் நீங்கலாக எல்லாவற்றையும் உடையவர்க்கே விட்டான். அந்தச் சுங்கம் ஏற்றுமதி, இறக்குமதி இரண்டுக்கும் முப்பதில் ஒன்று.

இதை அப்படியே ஏற்றவர்கள், முதலில் பறிப்பு, பின்னர் கருணை என்று ஒரு வளர்ச்சிக் கோடு வரைந்துவிட்டனர். இக்கட்டுரை மறுப்பது அந்தக் கோட்டைத்தான். தன்னை உயர்த்த முன்னோரைத் தாழ்த்துவது சாசன மரபு. மெய்க்கீர்த்திகளில் வரும் வெற்றிப் பட்டியலை ஐயத்தோடு படிக்கும் நாம், கருணைப் பட்டியலை மட்டும் ஏன் ஐயமின்றிப் படிக்க வேண்டும்? 'முந்தைய மன்னர்கள்' யார், எந்தத் துறையில் பறித்தார்கள் என்று சாசனம் சொல்லவில்லை. அதைச் சொல்லாத ஒரு வரியை வங்கக்கடல் முழுவதற்குமான வரலாறாக நீட்டியது நம் வாசிப்பின் பிழை.

இந்தக் கோட்டுக்குத் துணையாகப் பயணி இப்னு பதூதாவையும் அழைப்பதுண்டு. மலபாரில் உடைகலச் சரக்கு கருவூலத்துக்குப் போகும், கோழிக்கோட்டில் மட்டும் உடையவரிடம் திரும்பும், அதனாலேயே அவ்வூர் செழித்தது என்று 14ஆம் நூற்றாண்டில் அவர் பதிவு செய்தார். பறிப்பு நடந்ததற்கு இது நல்ல சான்று. ஆனால் மோட்டுப்பள்ளிக்கு ஒரு நூற்றாண்டு பிந்தியும் பறிப்பு நீடித்தது என்றால், பறிப்பிலிருந்து கருணைக்கு என்ற வரிசை அங்கேயே முறிகிறது. மேலும், எல்லாம் அரசனுக்கு அல்லது எல்லாம் உடையவனுக்கு என்ற இரண்டு வழிகளை மட்டுமே இவ்விரு சான்றுகளும் காட்டுகின்றன.

மூன்றாவது வழி யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் கல்லில் இருக்கிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள, இலங்கை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்க் கல்வெட்டை கா. இந்திரபாலா 1963இல் பதிப்பித்தார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறைக்கு (இன்றைய ஊர்காவற்றுறை) வந்து தங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது அது. அடுத்து வருவது பங்கீடு. அரசனுக்கு யானை, குதிரை கொண்டுவரும் கலம் கெட்டால் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு. வாணிபக் கலம் கெட்டால் சரிபாதி பண்டாரத்துக்கு, சரிபாதி உடையவனுக்கு.

இங்கே இரக்கம், புகழ், அறம் எதுவும் காரணமாகச் சொல்லப்படவில்லை. யானையும் குதிரையும் தனக்கு வேண்டும் என்பதே அரசன் சொல்லும் காரணம். வேண்டிய சரக்குக்குக் குறைந்த கூறு, மற்றதற்குக் கூடிய கூறு. சரக்கை எண்ணி, மதித்து, பிரித்து, பண்டாரக் கணக்கில் ஏற்ற ஆளில்லாமல் இப்படியொரு விகிதத்தை நடைமுறைப்படுத்த முடியாது. மோட்டுப்பள்ளிக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் முந்திய கணக்கு இது.

கல்வெட்டின் சரியான ஆண்டு தீரவில்லை. அதன் மேற்பகுதி சிதைந்துவிட்டது. யானை விலை தொடர்பான பூசலே இராமஞ்ஞ நாட்டின் மீது (இன்றைய மியான்மர்) பராக்கிரமபாகு படையனுப்பியதற்கு ஒரு காரணம் என்கிறது இலங்கையின் பாளி வரலாற்று நூலான சூளவம்சம். அப்படையெடுப்பைக் குறிக்கும் தெவனகலக் கல்வெட்டு அவனது 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. யானைக் கலங்களுக்கான சலுகையை அப்பூசலுக்கு முன் வைப்பதா, பின் வைப்பதா? பின் வைப்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. ஒரு சந்தை அடைபட்ட அனுபவம் உள்ள அரசன்தான் வணிகரை இப்படி ஈர்ப்பான். சோழ மன்னன் இரண்டாம் இராசாதிராசனின் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, பராக்கிரமபாகு படையும் படகும் திரட்டிய இடங்களுள் ஊராத்துறையைச் சேர்ப்பதும் இதற்கு ஒத்துவருகிறது. ஆயினும் இது ஊகமே.

நயினாதீவுக் கல்வெட்டில் இன்னொரு இடைவெளி உண்டு. கடலில் இறங்கிச் சரக்கை மீட்டவனுக்கு எந்தக் கூறும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் கரீபியனை ஒட்டிய பஹாமாஸ் தீவுகளில் உடைகல மீட்பே பலருக்குப் பிழைப்பாக இருந்தது. அங்கே மீட்டவர் பங்கு நாசோ நகரில் தீர்மானிக்கப்பட்டது. ஊராத்துறையில் ஊதியமின்றி யார் மூழ்குவார்?

இதற்கு விடை தமிழ் மரபுக்குள் இருப்பதாகக் கருதுகிறேன். தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006இல் வெளிப்பட்ட தமிழி நடுகற்களுள் ஒன்று, கூடலூர் ஆகோளில், அதாவது ஆநிரை கவரும் பூசலில், இறந்த ஒருவனுக்கு எடுத்தது.  கல்லின் காலம் பற்றி அறிஞர் ஒருமனப்படவில்லை. அப்படிக் கவர்ந்த ஆநிரையைப் பங்கிடும் பாதீட்டைத் தொல்காப்பியம் வெட்சித் துறைகளுள் வைக்கிறது. போரிட்டவனுக்கும் ஒற்றறிந்து வந்தவனுக்கும் நிமித்தம் சொன்னவனுக்கும் அதில் பங்குண்டு என்று பிற்கால இலக்கணம் விரிக்கிறது. உழைத்தவனுக்குக் கூறு உண்டு, அதைத் தலைவன் கையால் பெறுவான் என்பதே அந்த முறை. அம்முறை நின்ற சமூகத்தில் பண்டாரத்துக்குப் போன காலும் அரையும் முழுவதும் அரசனிடமே தங்கின என்று நம்புவது கடினம். முக்குளித்தவர், படகோட்டியவர், காவல் நின்றவர் ஆகியோரின் கூலி அதிலிருந்தே போயிருக்க வேண்டும். ஆநிரையையும் உடைகலத்தையும் இணைக்கும் நேரடிச் சான்று இல்லை. ஆனால் மீட்பவர் கூலியைக் கணக்கில் கொள்ளாத விளக்கம் அந்த விகிதத்தை முழுமையாக விளக்காது என்பது என் கருத்து.

ஆகவே பண்டாரம் எடுத்த கூறு பறிப்பும் அன்று, எஞ்சியதை விட்டது கருணையும் அன்று. மீட்புச் செலவும் அரசன் தேவையும் சேர்ந்து நிர்ணயித்த விகிதம் அது என்றே தோன்றுகிறது. உடைகல உரிமையின் வரலாற்றை இனி எழுதுவோர் 1244-45க்குப் பதிலாக 12ஆம் நூற்றாண்டு நயினாதீவிலிருந்து தொடங்க வேண்டும்.