கறுப்புச் சட்டை வெள்ளையான கதை

போன வருஷம் டோல்கேட்டில் எங்கள் தெருவில் ஒரு சைக்கிள் காணாமல் போனது. தெருக் கேமராவைப் போட்டுப் பார்த்தோம். ராத்திரி 2 மணிக்கு வெள்ளைச் சட்டைக்காரன் ஒருவன் அதைத் தள்ளிக்கொண்டு போகிறான். முகம் தெரியவில்லை. நைட் ஷிப்ட் முடிந்து அந்த நேரத்தில் வீடு திரும்பும் பையன் ஒருவன் அன்று வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். போதாதா? எல்லோரும் அவன் மேல் பாய்ந்தார்கள்.

"கொஞ்சம் பொறுங்கப்பா" என்றேன். ராத்திரியில் கேமரா பார்ப்பது நாம் பார்க்கிற வெளிச்சத்தில் அல்ல.

1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் எம்டன் நம் துறைமுகத்துக்கு வந்தது. சர்ச் லைட் அடித்து, பர்மா ஆயில் கம்பெனி டாங்குகளைக் குறிபார்த்துச் சுட்டது. கெட்டிக்காரனை 'எம்டன்' என்கிறோமே, அந்தக் கப்பல்தான். ஆனால் சர்ச் லைட் போட்டால் போட்டவன் இருக்கும் இடமும் தெரிந்துவிடும்.

காட்டிக்கொடுக்காத வெளிச்சம் ஒன்று இருப்பது 1800-லேயே தெரியும். வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, சிவப்புக்கும் அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்தில் தெர்மாமீட்டர் வைத்தார். சூடு ஏறியது. அதுதான் அகச்சிவப்பு. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் ஜெர்மானியர் டாங்கிகளில் அகச்சிவப்பு விளக்கு பொருத்தினார்கள். 1961-ல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் பையார்டும் பிட்மனும், காலியம் ஆர்செனைடு டையோடு அகச்சிவப்பை உமிழ்வதைக் கண்டார்கள். கேமராவின் கண்ணைச் சுற்றி இருக்கும் குட்டி எல்.இ.டி.கள் அந்த வம்சம்.

அதிலும் இரண்டு ரகம். 850 நானோமீட்டர் விளக்கு தூரம் போகும். ஆனால் உற்றுப் பார்த்தால் மங்கலாகச் சிவக்கும். 940 கண்ணுக்கே தெரியாது. ஆனால் எட்டும் தூரம் குறைவு. எதுவானாலும் தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்குதான். பக்கத்துச் சுவரில் பட்டுத் தெறித்தால் படமே வெளுத்துவிடும்.

இந்த வெளிச்சத்துக்கு நிறம் தெரியாது. நம் கண்ணுக்குக் கறுப்பாக இருக்கும் பல சாயத் துணிகள் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பிவிடும்.

சொன்னால் நம்பவில்லை. அன்று ராத்திரி என்னுடைய கறுப்பு பாலியஸ்டர் சட்டையைப் போட்டுக்கொண்டு கேமரா முன் நின்றேன். செல்போனில் பார்த்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். அதில் நான் வெள்ளைச் சட்டைக்காரன்!

சைக்கிள் கிடைக்கவில்லை. அதிகம் கத்தியவரே மறுநாள் அந்தப் பையனைக் கூப்பிட்டு டீ வாங்கிக்கொடுத்தார். அணைந்து கிடந்த தெருவிளக்கையும் சரிசெய்ய வைத்தோம். வெளிச்சம் இருந்தால் கேமராவும் ராத்திரியில் நிறத்தோடு படம் பிடிக்கும்.

உங்கள் வீட்டிலும் கேமரா இருந்தால், இன்று இரவு ஒரு கறுப்புச் சட்டையோடு அதன் முன் நின்று பாருங்கள்.