இலவசம் வேற, சுதந்திரம் வேற: மூவபிள் டைப் தோற்ற கதை

உங்க காலேஜ் ரோபோட்டிக்ஸ் டீமுக்கு ஒரு வெப்சைட் வேணும்னு வெச்சுக்குவோம். 12 பேர் எழுதப் போறாங்க. கையில காசு இல்ல. அடுத்த வருஷம் பாதிப் பேர் பாஸ் அவுட். எந்த சாஃப்ட்வேர் எடுக்கறது? இன்னைக்குக் கேட்டா நிறைய பேர் யோசிக்காமலே "வேர்ட்பிரஸ்"னு சொல்லிடுவாங்க. 2003-இல் கேட்டிருந்தா விவரம் தெரிஞ்சவங்க சொல்லியிருக்கக்கூடிய பேரு வேற: மூவபிள் டைப். உங்கள்ல எத்தனை பேர் அதைக் கேள்விப்பட்டிருக்கீங்க? அது எப்படிப் பின்னுக்குப் போச்சுங்கிறதுதான் இந்த எபிசோட்.

மூவபிள் டைப்பை 2001 அக்டோபரில் வெளியிட்டவங்க பென் ட்ராட், மீனா ட்ராட் என்ற அமெரிக்கத் தம்பதி. ரெண்டு பேரும் 6 நாள் இடைவெளியில் பிறந்தவங்க. அதனாலதான் கம்பெனிக்கு 'சிக்ஸ் அபார்ட்'னு பேரு! சாஃப்ட்வேர் பெர்ல் மொழியில் எழுதப்பட்டது. நீங்க ஒரு பதிவு எழுதினால், அதை ஹெச்டிஎம்எல் பக்கமாகச் செய்து சர்வரில் வைத்துவிடும். படிக்க வர்றவங்களுக்கு வேகம். ஆனா டிசைனில் ஒரு கோடு மாத்தினாலும் மொத்த சைட்டையும் 'ரீபில்ட்' பண்ணணும். நூற்றுக்கணக்கில் பதிவு இருந்தா, பட்டனை அழுத்திட்டு டீ குடிக்கப் போயிடலாம்.

சொந்த உபயோகத்துக்குக் காசு கிடையாது, விருப்பப்பட்டால் நன்கொடை தரலாம். கோடைத் திறந்து பார்க்கலாம், மாத்தலாம். ஆனா மாத்தினதை அடுத்தவங்களுக்குக் கொடுக்கக் கூடாது. லைசென்ஸில் அப்படித்தான் இருந்தது. அந்த வரியைப் பெரும்பாலானவர்கள் கண்டுக்கவே இல்லை.

இப்ப கேமராவை ஹியூஸ்டன் பக்கம் திருப்புவோம். மேட் முல்லன்வெக், 19 வயசு, காலேஜ் ஸ்டூடன்ட். அவர் பயன்படுத்தியது 'பி2' என்ற சின்ன சாஃப்ட்வேர். கோர்சிகாவைச் சேர்ந்த மிஷெல் வால்ட்ரிகி பிஎச்பி-யில் எழுதியது. கொஞ்ச நாளா மிஷெலைக் காணோம். அப்டேட் வரல. 2003 ஜனவரியில் மேட், அடுத்து எந்த சாஃப்ட்வேருக்குப் போறதுன்னு தன் சைட்டில் எழுதினார். 'டெக்ஸ்ட்பேட்டர்ன்' அவருக்குப் பிடிச்சிருந்தது, ஆனா அதன் லைசென்ஸ் எப்படி வருமோன்னு தயக்கம். பி2-வோ ஜிபிஎல் லைசென்ஸில் இருந்தது. அதாவது, எழுதினவர் இல்லாமப் போனாலும் அந்தக் கோடை யார் வேணும்னாலும் எடுத்துத் தொடரலாம். மறுநாளே இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்பவர், நானும் வர்றேன்னு கமென்ட் போட்டார். மே 27-ஆம் தேதி வேர்ட்பிரஸ் வெளியானது. காணாமப் போன மிஷெலும் பிறகு திரும்பி வந்து, இதுதான் பி2-வின் வாரிசுன்னு ஒத்துக்கிட்டார்.

ஒரு வருஷம் அது சின்ன புராஜெக்ட்தான். திருப்பம் 2004 மே மாதத்தில்.

மூவபிள் டைப் 3.0 அறிவிப்பு வந்தது. இலவசப் பதிப்பில் எழுதுபவர் 1, வலைப்பூக்கள் 3. அதுக்கு மேல போனா காசு. உங்க 12 பேர் டீமை இப்ப நினைச்சுப் பாருங்க! ரெண்டு மூணு வருஷமா ஒண்ணா எழுதிட்டிருந்த குழுக்கள் எல்லாம் ஒரே ராத்திரியில் ஆள் கணக்குப் பார்க்க வேண்டியதாச்சு. சிக்ஸ் அபார்ட் பக்கமும் நியாயம் உண்டு. அது கம்பெனி, சம்பளம் கொடுக்கணும். காசு கேட்டது தப்பில்லைன்னுதான் நான் சொல்வேன். குழப்பம் வேற இடத்தில். ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' ஒரே வார்த்தை. நமக்கு இலவசம் வேற, சுதந்திரம் வேற. அவங்க கொடுத்தது முதலாவது. பல பேர் நினைச்சுக்கிட்டது ரெண்டாவது.

இதை நேருக்கு நேர் சொன்னவர் மார்க் பில்கிரிம் என்ற புரோகிராமர். 'ஃப்ரீடம் 0'ன்னு ஒரு கட்டுரை எழுதினார். புது விலைப்படி அவர் சைட்டுகளுக்கு ஆகக்கூடிய 535 டாலரை வேர்ட்பிரஸ் எழுதுபவர்களுக்கு நன்கொடையாக் கொடுத்துட்டு, தானும் அங்கே மாறிட்டார். அதே மே மாதம் ப்ளக்இன் வசதியோட வேர்ட்பிரஸ் 1.2 வெளியாச்சு. அவங்க போட்ட திட்டமா? இல்லை, வேளை கூடி வந்தது. சிக்ஸ் அபார்ட் விதிகளைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தது. போனவங்க திரும்பல.

அவங்களால இவ்வளவு சுலபமா எப்படிப் போக முடிஞ்சது தெரியுமா? மூவபிள் டைப்பிலேயே ஒரு 'எக்ஸ்போர்ட்' வசதி இருந்தது. பதிவு, கமென்ட் எல்லாத்தையும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலாக் கொடுத்துடும். வேர்ட்பிரஸ் அதை உள்ளே வாங்கிக்கும். வெளியே போற கதவை நேர்மையா வெச்சவங்க, அந்தக் கதவு வழியாவே ஆட்களை இழந்தாங்க. இன்னைக்கு உங்க டீம் பார்க்கிற சர்வீஸ்களில் எத்தனை இந்த அளவுக்கு நேர்மையானவைன்னு, சேர்றதுக்கு முன்னாடியே ஒரு தடவை அந்த பட்டனைத் தேடிப் பாருங்க.

2007 டிசம்பரில் மூவபிள் டைப்புக்கும் ஜிபிஎல் பதிப்பு வந்தது. அதுக்குள்ள ஊர் காலியாயிருந்தது. 2013-இல் அந்த வழியையும் கைவிட்டாங்க. ஜப்பானில் இன்னும் அதுக்கு வியாபாரம் உண்டு.

மார்க் பில்கிரிம்? 2011 அக்டோபரில் தன் சைட்டுகள் எல்லாத்தையும் தானே அழிச்சுட்டார். போய்த் தட்டினவங்களுக்கு 410-ன்னு ஒரு பதில்தான் வந்தது. 'இருந்தது, இனி வராது'ன்னு அர்த்தம். 'ஃப்ரீடம் 0' கட்டுரையை இப்ப படிக்கணும்னா இன்டர்நெட் ஆர்க்கைவில்தான் தேடணும்.