துருவை நிறுத்துப் பார்த்த வரலாறு

இரும்பில் ஏறிய துருவைப் போக்கும் வழக்கம் மிகப் பழையது. அரிவாளையும் மண்வெட்டியையும் செங்கல் பொடியோ மணலோ போட்டுத் தேய்த்து எண்ணெய் தடவி வைப்பது வீடுதோறும் தெரிந்த வேலை. துரு எவ்வளவு இரும்பைத் தின்றது என்ற கணக்கு வெகுகாலம் கழித்தே வந்தது. காற்றில் சூடேறிய உலோகத்தின் எடை கூடுவது ஆக்சிஜன் சேர்வதால்தான் என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் நிறுவினார். அதன் பிறகே துருவைத் தராசால் ஆராயும் அடிப்படை கிடைத்தது.

ஆனால் துருவோடு சேர்த்து நிறுத்தால் கணக்கு தப்பும். ஒரு பங்கு உதிர்ந்திருக்கும், மழையில் கழுவிப் போயிருக்கும். எஞ்சியதில் நீரும் கலந்திருக்கும். ஆகவே துருவை அடியோடு நீக்கி, மிஞ்சிய இரும்பை நிறுத்து முதல் எடையோடு ஒப்பிடும் முறை நிலைத்தது. சிக்கல் அமிலத்தில் இருந்தது. துருவைக் கரைக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் நல்ல இரும்பையும் அரிக்கும். அதை அடக்க, 1 லிட்டர் அமிலத்துக்கு 20 கிராம் ஆன்டிமனி ட்ரைஆக்சைடும் 50 கிராம் ஸ்டானஸ் குளோரைடும் சேர்த்த கிளார்க் கரைசல் ஆய்வகங்களில் புழக்கத்துக்கு வந்தது. அப்படியும், துருவேறாத தகடொன்றை அதே கரைசலில் இட்டு, அது இழக்கும் எடையைக் கழிப்பார்கள். இந்தக் கழித்தலை விட்டுவிட்டால் அமிலம் தின்றதும் துருவின் கணக்கில் ஏறிவிடும். 100 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள தகடு 1 கிராம் இழந்தால், மேற்பரப்பு சராசரியாக 0.013 மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத இத்தேய்மானத்தைப் பள்ளித் தராசும் காட்டிவிடும் என்பது வியப்புக்குரியது.

தமிழ்நாட்டில் இந்த ஆய்வின் மையம் காரைக்குடி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்க, மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 1948இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953இல் அது திறக்கப்பட்டது. கடலோர ஊரான மண்டபத்தில் இருந்த அதன் நிலையத்தில் உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் விட்டுவைத்துச் சோதித்தார்கள். காற்றோடு வரும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதிலுள்ள குளோரைடு, இரும்பைக் காக்கும் மெல்லிய படலத்தைச் சிதைக்கும். பல ஊர்களில் இவ்வாறு கிடைத்த அளவீடுகளைக் கொண்டு இந்தியாவின் அரிமான வரைபடத்தையும் ஆய்வகம் உருவாக்கியது.

அதே கடற்காற்றில்தான் 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் நின்றது. துருவைச் சுரண்டி வண்ணம் பூசும் வேலை அங்கே ஓயாமல் நடந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில்கள் நின்றன. 2025இல் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் இடம்பெற்றுள்ளன.