மூலக்கூறின் பாகப்பிரிவினை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கு வடக்கே உள்ள ஊர் வத்திராயிருப்பு. இவ்வூரில் 1898-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் பிறந்தவர் கே. எஸ். கிருஷ்ணன். 1923-இல் கல்கத்தாவில் சி. வி. இராமனின் ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்தார்.

1928-இல் இருவரும் ஏறத்தாழ 60 திரவங்களைச் சோதித்தனர். சிதறிய ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிவந்தது. காரணம் என்ன? ஒளித்துகள் தன் ஆற்றலில் ஒரு பங்கை மூலக்கூறிடம் விட்டுச் செல்கிறது. அப்பங்கைப் பெற்ற மூலக்கூறு அதிர்கிறது. இதுவே இராமன் விளைவு. இதை அறிவித்த 'நேச்சர்' இதழ்க் குறிப்பில் இருவர் பெயரும் இருந்தன. 1930-இல் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் கிடைத்தது.

ஒளித்துகளின் ஆற்றல் முழுவதையும் மூலக்கூறு விழுங்கிவிட்டால் என்ன ஆகும்? பிணைப்பே அறுந்துபோகலாம். அப்போது எஞ்சும் ஆற்றலைத் துண்டுகள் எப்படிப் பங்கிட்டுக்கொள்ளும்?

ஹைட்ரஜன் அயோடைடை எடுத்துக்கொள்வோம். 266 நானோமீட்டர் புற ஊதா ஒளியின் ஒரு துகள் தருவது 4.66 எலக்ட்ரான் வோல்ட். பிணைப்பை அறுக்க ஆகும் செலவு 3.05. மீதி 1.61. சில வேளை அயோடின் அணு 0.94-ஐ எடுத்துக்கொண்டு கிளர்ச்சியுறும். மற்றவை இயக்க ஆற்றலாகும். இது சரிபாதியாகப் பிரியுமா? பிரியாது. துப்பாக்கி வெடித்தால் குண்டு சீறிப் பாய்கிறது. துப்பாக்கியோ சற்றே பின்னால் உதைக்கிறது அல்லவா? அதுபோலவே, உந்தம் மாறா விதிப்படி, இலேசான ஹைட்ரஜன் அணு 99 விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோய்விடுகிறது!

துண்டு மூலக்கூறாக இருந்தால் கணக்குச் சிக்கலாகும். அது பறப்பதோடு அதிரவும் சுழலவும் செய்யும். 1960-களின் இறுதியில் அமெரிக்காவில் கெண்ட் வில்சன் குழுவினர், துண்டுகள் பறந்து வரும் நேரத்தை அளந்து அவற்றின் வேகத்தைக் கணித்தனர். 1980-களில் வேறு ஆய்வாளர்கள் ஓசோனைப் புற ஊதா ஒளியால் உடைத்து, பிரிந்த ஆக்சிஜன் மூலக்கூறுகளின் அதிர்வையும் சுழற்சியையும் ஆராய்ந்தனர். நம்மைப் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கும் ஓசோன் மண்டலத்தில் அன்றாடம் நடப்பதும் இவ்வுடைவுதான். ஆராயப் பயன்பட்ட கருவி எது தெரியுமா? லேசரால் வலுவூட்டப்பட்ட இராமன் விளைவே!

முதல் லேசர் ஒளிர்ந்தது 1960-இல். மறு ஆண்டே கிருஷ்ணன் மறைந்தார். தாம் கண்ட ஒளிக்கணக்கு இவ்வளவு தூரம் செல்லும் என்பதைக் காண அவர் இல்லை. வத்திராயிருப்பு வழியே செல்லும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.