கண்ணாடித் தகட்டில் ஒரு நூற்றாண்டுச் சூரியன்

பழனி மலைத்தொடரில் ஆடலூர்ப் பக்கம் காபியும் மிளகும் விளையும் சரிவுகளைத் தாண்டி மேற்கே போனால், 2,343 மீட்டர் உயரத்தில் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. 1876-78 பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கியபின், மழை பொய்ப்பதற்கும் சூரியப் புள்ளிகளுக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி வலுத்தது. நீண்டகாலப் பதிவு இல்லாமல் அதற்கு விடை கிடைக்காது என்ற எண்ணமும் சேர்ந்து, 1899-இல் இந்த ஆய்வகம் எழுந்தது. 1904 முதல் வானம் தெளிந்த நாட்களில் சூரியனைக் கண்ணாடித் தகட்டிலும், பிற்பாடு பிலிமிலும் படமெடுத்து அடுக்கினார்கள். கொடைக்கானல் என்றதும் பலரும் சொல்வது, சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்ததைத்தான். எனக்கோ அந்தத் தகடுகளின் வரிசைதான் பெரிதாகப் படுகிறது. புள்ளிகள் பெருகிக் குறையும் சுழற்சி ஏறத்தாழ 11 ஆண்டு. ஒருவர் தம் பணிக்காலத்தில் மூன்று சுழற்சிகளைப் பார்த்தாலே அதிகம். அதனால் அறுபடாத வரிசைக்கே மதிப்பு. 1907-இன் சூரியனை இனி எவரும் படமெடுக்க முடியாது.

வீட்டுக் கணினியில் இருக்கும் படங்களும் இந்த இனம்தான். குழந்தையின் முதல் பிறந்தநாளை மறுபடி எடுக்க வழியில்லை. ஆனால் பேக்கப் என்பதைப் பழுது பார்ப்பதோடு சேர்த்து, பிறகு செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போடுகிறோம். பதிவு செய்வதும் இன்னோர் இடத்தில் அதைப் பத்திரப்படுத்திவைப்பதும் ஒரே வேலையின் இரு பாதிகள் என்பதே என் வாதம். கிரீனிச் ஆய்வகத்தின் வரலாறு இதற்குச் சான்று. 1874 முதல் 1976 வரை சூரியப் புள்ளிகளை நாள்தோறும் அளந்த அந்த வரிசை, லண்டன் வானத்தை மட்டும் நம்பி உருவானதல்ல. மேகம் மறைத்த நாட்களுக்கு நன்னம்பிக்கை முனை, டேராடூன், மொரீஷியஸ், கொடைக்கானல் ஆகிய இடங்களில் எடுத்த படங்களைக் கொண்டு இடைவெளியை அடைத்தார்கள். அது விடுபட்டதை நிரப்பியதே தவிரப் பிரதி ஆகாது என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமே, ஒவ்வொரு படமும் வேறு நேரத்தில் எடுத்தது. ஆயினும் ஒரே கூரையை, ஒரே வானத்தை நம்பினால் வரிசை அறுந்துபோகும் என்று அவர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். அதே கணினியில் இன்னொரு ஃபோல்டரில் பிரதி வைப்பவர் இந்தப் பாடத்தைத் தவறவிடுகிறார்.

கண்ணாடி நூறாண்டு தாங்கியதே, அவசரம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. 2016 ஜனவரியில் ஹார்வர்டு வானியல் ஆய்வகத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து, பல்லாயிரம் பழைய தகடுகள் நனைந்தன. அங்கே ஆபத்து முதுமையால் வரவில்லை, குழாயால் வந்தது. கொடைக்கானல் தகடுகளை இந்திய வானியற்பியல் நிறுவனம் 4096 x 4096 படப்புள்ளிகள் கொண்ட கேமராவால் டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றியிருக்கிறது; தகடுகள் நல்ல நிலையில் இருந்ததால்தான் அது முடிந்தது. படத்தை எடுத்துவிட்டால் மட்டும் போதவில்லை. எந்த நேரத்தில் எடுத்தது, வடக்கு எந்தப் பக்கம் என்பதில் இருந்த பிழைகளைத் திருத்துவதற்கே ஆய்வாளர்கள் தனியாக உழைக்க வேண்டியிருந்தது. பெயரும் தேதியும் இல்லாமல் கொட்டிவைத்த பத்தாயிரம் புகைப்படங்களும், பிரதி எடுத்தபின்கூட, பாதி தொலைந்தவைதாம்.

கணினியின் நிலை தகட்டைவிட மோசம். ஹார்ட் டிஸ்கில் சுழலும் தட்டுக்கு மேலே, முடியைவிட மிகமிக மெல்லிய இடைவெளியில் தரவைப் படிக்கும் முனை மிதக்கிறது. ஓர் இடறல் போதும். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியோ எந்தச் சத்தமும் இல்லாமல் ஒருநாள் பேச்சை நிறுத்திவிடலாம். மலையூர்களில் இடியும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும் ஈரமும் சேர்ந்துகொள்கின்றன. எல்லாம்தான் இணையத்தில் ஏறிவிடுகிறதே என்பார்கள். தானாக ஒத்திசைக்கும் சேவை பலவற்றில், இங்கே தவறி அழித்த கோப்பு அங்கேயும் அழிந்துபோகும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படமோ சுருங்கித்தான் போய்ச் சேர்கிறது. செலவு என்ற மறுப்பைக் கேலியாகத் தள்ள எனக்கு மனமில்லை. கூலி வேலை செய்யும் குடும்பத்துக்கு வெளி ஹார்ட் டிஸ்க் சிறு தொகை அல்ல. அவர்கள் வேண்டியதை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டு, உறவினர் வீட்டில் கொடுத்துவைக்கலாம். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரப்பிய விதியும் ஏறக்குறைய இதுதான்: மூன்று பிரதி, இருவகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில்.

அந்த விதி சொல்லாமல் விட்ட ஒன்றை 1998-இல் பிக்சார் நிறுவனம் கற்றது. 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகளை ஒரு தவறான கட்டளை அழித்தபோது, அவர்கள் நம்பியிருந்த பேக்கப் ஒழுங்காக வேலை செய்யவில்லை என்பது தெரியவந்தது. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த ஓர் ஊழியரின் கணினியில் இருந்த பிரதியே பெரும்பகுதியை மீட்டது. பிரதி எடுத்த சாதனத்திலிருந்து அவ்வப்போது ஒரு கோப்பையாவது வேறொரு கணினியில் திறந்து பார்க்காதவரை, அது பிரதிதானா என்பது அதை வைத்திருப்பவருக்கே தெரியாது.